எலுமிச்சம்பழம் வைக்காத ஐந்தாவது சக்கரம்

2014-ல் வாங்கிய டீசல் காரை ஷோரூமிலிருந்து நேராக மதுரைப் பாண்டி கோயிலுக்கு ஓட்டிச் சென்று, நான்கு சக்கரங்களுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். டிக்கியின் அடித்தட்டுக்குக் கீழே ஐந்தாவதாக ஒரு மாற்றுச் சக்கரம், அதாவது ஸ்டெப்னி, கிடப்பது அன்றைக்கு எங்கள் யாருடைய நினைவிலும் இல்லை. அடுத்த மூன்று ஆண்டுகளுக்கும் இல்லை. இந்தப் பத்து ஆண்டுகளில், 1,18,000 கிலோமீட்டர் ஓட்டத்தில், பதினொரு முறை டயர் பஞ்சராகியிருக்கிறது. அவற்றில் நடுவழியில் ஸ்டெப்னியை எடுத்து மாட்டியே தீர வேண்டியிருந்தது இரண்டே முறைதான். ஒருமுறை அது கைவிட்டது, மறுமுறை காப்பாற்றியது.

கைவிட்ட கதை 2017-ல் நடந்தது. தேனியில் ஒரு காதுகுத்து முடித்துத் திரும்பும்போது, ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி உசிலம்பட்டியை நோக்கி வருகையில் இடது பின் டயர் முழுவதும் இறங்கிவிட்டது. பொழுது சாய்ந்திருந்தது. ஸ்டெப்னிக்கு மேலே இரண்டு வாழைத்தார்கள், ஒரு அண்டா, துணிப்பைகள் என்று டிக்கி நிறைந்திருந்ததால், எல்லாவற்றையும் சாலையோரம் இறக்கி வைத்து, என் மனைவியைக் காவலுக்கு நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்கினேன். முதல் தடங்கல் நட்டுகள். முந்தைய மாதம் சர்வீஸில் காற்றுத் துப்பாக்கி வைத்து முடுக்கியிருந்த அந்த நான்கு நட்டுகளும், காருடன் கொடுத்த குட்டையான வீல் ஸ்பேனருக்கு, நான் அதன்மேல் ஏறி நின்றும்கூட, அசைந்து கொடுக்கவில்லை. வண்டியை நிறுத்தி இறங்கிவந்த லாரி ஓட்டுநர் ஒருவர், இரண்டடி இரும்புக் குழாயை ஸ்பேனரின் கைப்பிடியில் செருகி ஒரே அழுத்தில் திருகினார். "ஜாக்கி ஏத்திட்டு நட்டக் கழட்டாதீங்க சார், சக்கரம் தரையில நிக்கும்போதே ஒரு சுத்து இளக்கிறணும்" என்று சொல்லிக்கொண்டே அவர் செய்து முடித்ததை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

ஜாக்கியை இறக்கியதும் இரண்டாவது தடங்கல் தெரிந்தது. மாட்டிய ஸ்டெப்னியும் பாதி அமுங்கி நின்றது. நடை வேகத்துக்குச் சற்று மேலாக உருட்டிக்கொண்டு போய் உசிலம்பட்டிப் பஞ்சர் கடையில் அளந்தபோது, காற்றழுத்தம் 33 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய இடத்தில் 11 இருந்தது. ஓடாத டயரில் காற்று அப்படியே நிற்கும் என்று நினைத்திருந்தேன், அது தவறு. டயரின் ரப்பர் வழியாகவே காற்று மெல்லக் கசிந்துகொண்டிருக்கும், மாதத்துக்கு ஒரு பி.எஸ்.ஐ. வரைகூடக் குறையலாம். என் ஸ்டெப்னியில் வால்வு மூடியும் இல்லை. இதில் எனக்கு ஆறாத வருத்தம் என்னவென்றால், அந்த சர்வீஸ் பில்லில் ஐந்து டயர்களுக்கும் காற்று பார்த்ததாக டிக் அடித்திருந்ததுதான். பில்லை நம்பாமல் அளவுமானியை நம்பும் பழக்கம் எனக்கு அன்று வந்தது.

அதன் பிறகு இரண்டடிக் குழாய் ஒன்று, மண் தரையில் ஜாக்கி புதையாமல் இருக்க ஒரு வேப்பம்பலகை, சிகரெட் லைட்டர் துளையில் செருகும் 12 வோல்ட் காற்றடிப்பான் ஆகிய மூன்றும் டிக்கியில் நிரந்தரமாகக் குடியேறின. பெரிய மாற்றம் வேறொன்று. ஸ்டெப்னியும் மற்ற நான்கின் அளவிலேயே, 165/80 ஆர்14-ஆக இருந்ததால், ஒவ்வொரு 10,000 கிலோமீட்டருக்கும் டயர்களை இடம் மாற்றும்போது அதையும் சுற்றில் சேர்த்துவிட்டேன். நான்கு டயர் சுமக்கும் தேய்மானத்தை ஐந்து பகிர்ந்துகொண்டதால் முதல் செட் 2020 வரை வந்தது. ஐந்தையும் ஒன்றாக மாற்றினேன். மூன்று மட்டும் வாங்கிக்கொண்டு பழைய ஸ்டெப்னியை நான்காவதாகப் போட்டுவிடலாம் என்பது நம் ஊரில் வழக்கமான சிக்கனக் கணக்கு. ஆனால் ஓடாமல் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு தயாரித்த வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2314 என்றால் 2014-ன் 23-ஆவது வாரம். தரையில் படும் கட்டை தேயாமல் புத்தம் புதிதாகத் தெரியும் ஸ்டெப்னியைக்கூடப் பத்து ஆண்டுகளில் கழித்துவிடுவது நல்லது.

ஸ்டெப்னி என்ற சொல்லே ஒரு கடைப்பெயரின் மிச்சம்தான். மாற்றுச் சக்கரம் இல்லாமல் கார்கள் ஓடிய காலத்தில், 1904-ல், வேல்ஸ் நாட்டின் லனெத்லி என்ற ஊரில் டேவிஸ் சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் தயாரிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் கடை இருந்த ஸ்டெப்னி தெருவின் பெயர் உசிலம்பட்டிப் பஞ்சர் கடை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

மற்ற ஒன்பது பஞ்சர்களில் ஜாக்கிக்கு வேலையே வரவில்லை. டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் காற்று மெதுவாகத்தான் இறங்கும். ஆணியைப் பிடுங்காமல் காற்றடித்துக்கொண்டு கடை வரை போய்விடலாம். காரியாபட்டிப் பக்கம் போனால் சீமைக்கருவேல முள் டியூப் போட்ட இரு சக்கர வண்டியைத்தான் பாடாய்ப்படுத்துமே தவிர, காருக்கு எதிரி சாலையில் சிந்திக் கிடக்கும் ஆணியும் திருகும்தான். கடையில் வெளியிலிருந்தே திணிக்கும் ரப்பர் ஸ்ட்ரிப் பெரும்பாலும் தாக்குப்பிடித்தது. ஒன்றே ஒன்று நான்கு மாதத்தில் கசிந்தது. அதன்பிறகு டயரைக் கழற்றி உள்ளிருந்து போடும் மஷ்ரூம் பேட்ச்சையே கேட்டு வாங்குகிறேன். நேரமும் காசும் கூடுதல்தான், ஆனால் டயரின் உட்புறம் வெட்டுப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதுதான் பார்க்க முடிகிறது. காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பார்ப்பதே சரி. அக்னி நட்சத்திர வெயிலில் அருப்புக்கோட்டை வரை ஓட்டிவிட்டு அளந்தால் 33 என்பது 38 காட்டும். அதைக் கண்டு காற்றைப் பிடுங்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைவாகத்தான் நிற்கும்.

காப்பாற்றிய நாள் 2022-ல் வந்தது. மேலூரைத் தாண்டிக் கிரானைட் குவாரிப் பக்கம் ஒரு கிளைச் சாலையில், எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கியபோது கூரான கல்லொன்று முன் டயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிட்டது. இரண்டு விரல் நுழையும் கிழிசல். பக்கச் சுவரில் கிழிந்தால் ஸ்ட்ரிப்பும் பேட்ச்சும் காற்றடிப்பானும் உதவா, அந்த டயர் முடிந்தது. பலகை, குழாய், 35 பி.எஸ்.ஐ. வைத்திருந்த ஸ்டெப்னி ஆகியவற்றின் தயவில் இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டோம்.

இதைச் சொல்வதற்குக் காரணம், டியூப்லெஸ் டயர், காற்றழுத்தக் கண்காணிப்புக் கருவி, பஞ்சர் சரிசெய்யும் சாதனம் மூன்றும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று மத்திய அரசு 2020-ல் விதியைத் திருத்தியதுதான். என் மைத்துனரின் புதுக் கார் அப்படித்தான் வந்தது. ரிங் ரோட்டில் ஆணி ஏறியபோது, உடன் கொடுத்திருந்த பசைக் குப்பியை ஏற்றினார்; அது ஓட்டையை அடைத்து வீடு சேர்த்தது என்பதை மறுக்க மாட்டேன். மறுநாள் கடைக்காரர் டயருக்குள் கிடந்த பசையை வழித்தெடுக்கப் பட்ட பாடும், அதற்கு வாங்கிய தனிக் கூலியும், புதுக் குப்பியின் விலையும் சேர்ந்தபோது மைத்துனரின் உற்சாகம் குறைந்துவிட்டது. மேலூரில் எனக்கு நேர்ந்தது அவருக்கு நேர்ந்திருந்தால் மீட்பு வண்டிக்காகக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. நகருக்குள்ளேயே ஓடும் காருக்கு அந்த ஏற்பாடு போதும். கணவாயும் குவாரிச் சாலையும் வழியில் வரும் என் போன்றவர்களுக்குப் போதாது.

இப்போது அடுத்த கார் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். விற்பனையாளர் தொடுதிரையைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கும்போதே, அன்று வாழைத்தாருக்குக் காவல் நின்ற என் மனைவி பின்பக்கம் போய் டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிப் பார்க்கிறார். இதுவரை இரண்டு மாடல்களை அந்த இடத்திலேயே கழித்துவிட்டோம்.