டூர் ரத்து: நஷ்டம் யார் தலையில்?

தமிழ்நாட்டுப் பள்ளிகள் டூர் கிளம்பும் காலமும் வடகிழக்குப் பருவமழை கொட்டும் காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஊட்டி, கொடைக்கானல், மைசூர் என்று இரண்டு மூன்று நாள் திட்டம் போட்டிருப்பார்கள். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகும், ரெட் அலர்ட் வரும், முந்தின நாள் இரவு மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவிப்பார். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. அதே மாதத்தின் நடுவில் தூத்துக்குடியும் நெல்லையும் வெள்ளத்தில் கிடந்தன. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். அப்படிப்பட்ட வாரத்தில் பிள்ளைகளை பஸ் ஏற்றாமல் விட்டதுதான் சரி என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. சண்டை வருவது கட்டிய பணத்தைப் பற்றித்தான்.

பெற்றோர் தாங்க வேண்டும், பஸ்காரரும் லாட்ஜ்காரரும் தாங்க வேண்டும், பள்ளி தாங்க வேண்டும், இன்சூரன்ஸோ அரசோ தாங்க வேண்டும் என்று நான்கு பதில்கள் உண்டு. நான்கிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் பெற்றோருக்குப் பதில் சொல்லும் முதல் பொறுப்பு பள்ளியுடையது என்பதே என் கருத்து. அங்கே போவதற்கு முன் மற்றவற்றையும் பார்த்துவிடலாம்.

பெற்றோர் தாங்குவது

நம் ஊரில் நடைமுறையில் இருப்பது பெரும்பாலும் இதுதான். "எக்காரணம் கொண்டும் கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது" என்று சர்க்குலரில் ஒரு வரி இருக்கும். அதன் கீழே பெற்றோர் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பள்ளியின் வாதமும் எளிமையானது: உங்கள் பிள்ளைக்காகத்தான் ஏற்பாடு செய்தோம், அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம், புயலை நாங்கள் வரவழைக்கவில்லை.

இந்த வாதத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பது கணக்குப் போட்டால் தெரியும். உதாரணத்துக்கு 50 பிள்ளைகள், தலைக்கு 4,500 ரூபாய், மொத்தம் 2,25,000 என்று வைத்துக்கொள்வோம். பஸ்ஸுக்கு 80,000, தங்குமிடத்துக்கு 60,000, சாப்பாட்டுக்கு 50,000, நுழைவுச் சீட்டுக்கு 20,000, இதர செலவு 15,000. புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை ரத்தாகிறது. அதுவரை கைவிட்டுப் போனது எவ்வளவு? பஸ் அட்வான்ஸ் 20,000, லாட்ஜ் அட்வான்ஸ் 30,000, வாங்கி வைத்த காய்கறி மளிகை 5,000. ஆக 55,000. ஓடாத பஸ்ஸுக்கு டீசல் இல்லை, டோல் இல்லை. நுழைவுச் சீட்டை வாசலில்தான் எடுப்பார்கள். மீதி 1,70,000 பள்ளியின் கையிலேயே இருக்கிறது. அதாவது ஒவ்வொரு பிள்ளைக்கும் 3,400 ரூபாய் எந்தச் சிக்கலும் இல்லாமல் திரும்ப வேண்டிய பணம். உண்மையான தகராறு தலைக்கு 1,100 ரூபாய் பற்றியது மட்டுமே.

"பணம் திரும்பாது" என்ற ஒற்றை வரி அந்த 1,100-ஐயும் 3,400-ஐயும் ஒன்றாகக் கட்டி விழுங்கிவிடுகிறது. இது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. சீட்டுப் பணத்தை எடுத்தோ, கைமாற்று வாங்கியோ பிள்ளையின் ஆசைக்காகக் கட்டிய வீடுகள் எல்லா வகுப்பிலும் உண்டு. அந்த வீட்டுக்கு 4,500 போவதும் 1,100 போவதும் ஒன்றில்லை. கணக்கைக் காட்டாமல் முழுத் தொகையையும் வைத்துக்கொள்ளும் உரிமை எந்தப் பள்ளிக்கும் கிடையாது.

பஸ்காரரும் லாட்ஜ்காரரும் தாங்குவது

சட்டப் புத்தகத்தைத் திறந்தால் கை முதலில் இவர்களை நோக்கித்தான் நீளும். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு, செய்ய முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிறது. 65-ஆவது பிரிவு இன்னும் முக்கியம்: அப்படிச் செல்லாமல் போன ஒப்பந்தத்தின் கீழ் ஆதாயம் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும் அல்லது ஈடு செய்ய வேண்டும். எழுத்தில் வேறு ஏற்பாடு செய்யாதவரை, வெள்ளத்தால் ஓடாத பஸ்ஸின் அட்வான்ஸைத் திரும்பக் கேட்க இது நல்ல பிடி.

இங்கிலாந்து இந்த இடத்துக்கு வந்துசேர நாற்பது வருஷம் ஆனது. 1902 ஜூனில் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு ஊர்வலம் அவருடைய உடல்நலக் குறைவால் தள்ளிப்போனது. ஊர்வலம் பார்க்க ஜன்னலோர அறைகளை வாடகைக்கு எடுத்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒரு வழக்கில், பாக்கி 50 பவுண்டைக் கட்ட வேண்டாம் என்று 1903-இல் தீர்ப்பு வந்தது. அடுத்த வருஷம் வந்த இன்னொரு தீர்ப்பில், ஏற்கெனவே கட்டிய 100 பவுண்டும் திரும்பாது, ஊர்வலம் ரத்தாகும் முன்பே கட்டியிருக்க வேண்டிய மீதியையும் கட்டியாக வேண்டும் என்றார்கள். யார் கையில் எப்போது பணம் இருந்தது என்பதே நஷ்டம் யாருக்கு என்பதை முடிவு செய்துவிட்டது. 1942-இல்தான், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதை மாற்றியது. நம் பள்ளி டூர்களில் இன்றும் அந்த 1904 தீர்ப்பின் வழியில்தான் காரியம் நடக்கிறது. முன்கூட்டியே முழுப்பணமும் கட்டியவர் இழக்கிறார், இழுத்தடித்தவர் தப்பிக்கிறார்.

ஆனால் எல்லாச் சுமையையும் பஸ்காரர் மேல் ஏற்றுவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. பல நாடுகளுக்குப் பேக்கேஜ் விற்கும் பெரிய நிறுவனமும், இரண்டு பஸ்ஸை வங்கிக் கடனில் ஓட்டும் சின்ன ஊர் முதலாளியும் ஒன்றல்ல. டிசம்பர் சீசனில் அந்தத் தேதிக்கு வந்த வேறு சவாரியை அவர் வேண்டாம் என்று சொல்லியிருப்பார். டிரைவரை நிறுத்தி வைத்திருப்பார், பெர்மிட்டுக்குப் பணம் கட்டியிருப்பார். ரசீது காட்டக்கூடிய செலவும் டிரைவர் பேட்டாவும் போக மீதியைக் கேட்பது நியாயம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015-இன் பேக்கேஜ் பயண விதிகளின்படி, தவிர்க்க முடியாத அசாதாரணச் சூழலில் பயணம் ரத்தானால் ஏற்பாட்டாளர் முழுப்பணத்தையும் 14 நாளுக்குள் திருப்ப வேண்டும். பெரிய நிறுவனங்களால் அந்த அபாயத்தை விலையில் பரப்பிவிட முடியும் என்பதால் அங்கே அது நடக்கிறது. நமக்குப் பொருந்துவது, இயற்கைக் காரணம் இல்லாத ரத்துகளுக்கு ஜப்பான் வைத்திருக்கும் படிக்கட்டு முறை என்று நினைக்கிறேன். அங்கே உள்நாட்டுச் சுற்றுலாவை 20 நாளுக்குள் ரத்து செய்தால் அதிகபட்சம் 20 சதவீதம், ஒரு வாரத்துக்குள் 30, முந்தின நாள் 40, அன்றைக்கே என்றால் 50 சதவீதம் வரை பிடிப்பார்கள். என்ன போகும் என்பது பணம் கட்டும் அன்றே இரண்டு பக்கத்துக்கும் தெரிந்துவிடும்.

பள்ளி தாங்குவது

பஸ்ஸைப் பேசியது பள்ளி. லாட்ஜைத் தேர்ந்தெடுத்தது, தேதி குறித்தது, போகலாமா வேண்டாமா என்று முடிவெடுத்தது எல்லாம் பள்ளி. பெற்றோருக்கு பஸ்காரரின் பெயர்கூடத் தெரியாது. அவரிடம் போய் அட்வான்ஸைக் கேட்க எந்த வழியும் இல்லை. அதனால் பெற்றோருக்குப் பள்ளி கொடுத்துவிட்டு, வரவேண்டியதைப் பள்ளி போய் வாங்கிக்கொள்ள வேண்டும் என்கிறேன். அடுத்த வருஷ டூருக்கும் அதே பஸ்ஸைப் பேசப் போகிற பள்ளிக்குப் பேரம் பேசும் பலம் இருக்கிறது. ஐம்பது பெற்றோருக்குத் தனித்தனியே அது இல்லை.

இதில் இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. "கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன்" என்று பெற்றோர் சொல்வது வழக்கம். 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையம், கல்வி நிறுவனங்கள் நடத்தும் சுற்றுலா, பிக்னிக், நீச்சல், விளையாட்டு போன்றவையும் கல்வியோடு சேர்ந்தவையே, அவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்பளித்தது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு அது. பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆக, பள்ளிமேல் வழக்குப் போட்டு ஜெயிப்பது சுலபம் என்று யாரும் நம்பி இறங்க வேண்டாம். ஆயிரம் ரூபாய்க்காக, பிள்ளை படிக்கும் பள்ளியோடு எத்தனை பேர் மோதுவார்கள்? பெற்றோருக்கு இவ்வளவு குறைந்த பாதுகாப்பு இருக்கும்போது, பொறுப்பைப் பள்ளி தானாக எழுதி ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது கனமானது. பள்ளிதான் தாங்க வேண்டும் என்றால் டூரே போக மாட்டார்கள். பெரிய சிபிஎஸ்இ பள்ளிகளை நினைத்து நான் கவலைப்படவில்லை. ஆனால் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியரோ வகுப்பு ஆசிரியரோ சொந்தக் காசைப் போட்டு அட்வான்ஸ் கொடுப்பதுண்டு. ரத்தானால் அவர் வீட்டுச் செலவில்தான் கை வைக்க வேண்டும். அது பெற்றோர் இழப்பதைவிடப் பெரிய அநியாயம். இங்கே "பள்ளி" என்றால் அரசு என்றுதான் பொருள் கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் பாட நேரத்தில் நடக்கும் சுற்றுலாவுக்குக் கட்டணம் வசூலிக்க முடியாது, விருப்ப நன்கொடைதான் கேட்கலாம். அதனால் அங்கே ரத்துச் செலவில் ஒரு பகுதியாவது பொதுப்பணத்தில் போய் நிற்க வாய்ப்புண்டு.

இன்சூரன்ஸ், அரசு

இன்சூரன்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாலிசியில் பட்டியலிட்ட காரணங்களுக்குத்தான் பணம் வரும். பயந்துபோய் நிர்வாகமே நிறுத்தியது, ஆள் சேரவில்லை என்பதற்கெல்லாம் எதிர்பார்க்க முடியாது. எடுப்பதென்றால் ரத்துப் பிரிவைப் படித்துவிட்டு எடுக்க வேண்டும்.

அரசு இறங்கி வந்ததற்கு ஜப்பானில் முன்னுதாரணம் இருக்கிறது. 2020-இல் கொரோனாவால் பள்ளிச் சுற்றுலாக்கள் நின்றபோது, ரத்துக் கட்டணம் பெற்றோர் தலையில் விழாமல் இருக்க அரசு நிதி ஒதுக்கியது. நாடே முடங்கும் பேரிடருக்கு இது சரி. ஒரு மாவட்டத்து மழைக்கு எல்லாரும் சென்னைத் தலைமைச் செயலகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

எது எதற்கு யார்

காரணத்தைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். ஆட்சியர் விடுமுறை, நிலச்சரிவு, சாலை மூடல் என்றால், செலவானதற்கு ரசீதைக் காட்டி, மீட்க முடியாததைப் பள்ளியும் பெற்றோரும் பாதிப் பாதி ஏற்கலாம். என் உதாரணத்தில் அது தலைக்கு 550 ரூபாய். எந்தப் பெற்றோரும் இதற்குச் சண்டைக்கு வரமாட்டார் என்று நம்புகிறேன். ரயிலில் போவதாக இருந்து ரயில்வேயே ரயிலை ரத்து செய்தால் டிக்கெட் பணம் முழுவதும் திரும்புகிறது, அது அப்படியே பெற்றோருக்குப் போக வேண்டும்.

அனுமதி வாங்கத் தாமதித்தது, ஊட்டி, கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுக்க மறந்தது, உடன் வர ஆசிரியர்கள் கிடைக்காதது, போதிய ஆள் சேராதது எல்லாம் பள்ளியின் கணக்கு. ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது. ஒரு பிள்ளைக்கு மட்டும் காய்ச்சல் வந்து நின்றுவிட்டால், பஸ் எப்படியும் ஓடும் என்பதால் பஸ் பங்கைப் பிடிக்கலாம். ஆனால் சாப்பாடு, நுழைவுச் சீட்டுப் பணம் திரும்ப வேண்டும், அந்த இடத்துக்கு வேறு பிள்ளை வந்தால் முழுவதும் திரும்ப வேண்டும்.

உடன் வரும் ஆசிரியர்களின் செலவு பல பள்ளிகளில் பிள்ளைகளின் கட்டணத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். டூர் நடந்தால் அது பரவாயில்லை. ரத்தாகும்போது அந்தப் பங்கின் நஷ்டத்தைப் பிள்ளைகள் தலையில் கட்டக் கூடாது, அது நிர்வாகத்தின் பணம்.

இத்தனைக்கும் முன்னால் செய்யக்கூடியது, பணத்தை இரண்டு தவணையாக வாங்குவது. அட்வான்ஸுக்குத் தேவையானதை மட்டும் முதலில் வாங்கிக்கொண்டு, மீதியைப் புறப்படுவதற்கு ஒரு வாரத்துக்குள் வாங்கினால் போதும். சர்க்குலரில் அந்தப் பழைய வரியை எடுத்துவிட்டு, ரத்தானால் எதற்கு எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில் திரும்பும் என்று நான்கு வரி எழுதலாம். அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் கேட்க வேண்டியது அதைத்தான், டூர் தேதி குறிப்பதற்கு முன்பே.