வன்தட்டு காணாமல் போன நாளில் கைகொடுத்த சூப்பர் கிரப்2 டிஸ்க்

கணினியை இயக்கியதும் கறுப்புத் திரையில் ‘நோ சச் டிவைஸ்’ என்ற பிழைச்செய்தியும், அதன் பின்னால் நீண்டதோர் அடையாள எண்ணும், அடுத்த வரியில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற சொற்களும் வந்து நின்றால், ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றே பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். என் மேசைக்கணினி அப்படி நின்றபோது, நான் கொண்டுபோன பழுதுபார்க்கும் கடையிலும் திரையைப் பார்த்த மாத்திரத்தில் புதுத் தட்டு வாங்கச் சொன்னார்கள். மனம் ஒப்பாமல் வீடு திரும்பி, சூப்பர் கிரப்2 டிஸ்க் என்னும் இலவசக் கருவியைப் பென் டிரைவில் ஏற்றிச் சோதித்தேன். கிரப் என்பது லினக்ஸ், விண்டோஸ் போன்ற இயங்குதளங்களைப் பட்டியலிட்டுத் துவக்கித் தரும் நிரல்; இக்கருவி பென் டிரைவிலிருந்தே இயங்கும் கிரப்.

பழைய பயாஸ் (கணினியின் வன்பொருளை எழுப்பிவிடும் அடிப்படை நிரல்) முறையில் இயங்கும் கணினிகளில், தட்டின் முதல் செக்டரான 512 பைட்டுகளில் துவக்க நிரலுக்குக் கிடைப்பது 446 பைட்டுகள் மட்டுமே. அதனால் கிரப் தன் பட்டியலையும் பெரும்பாலான கோப்புகளையும் வேறொரு பகுதியில் (பார்ட்டிஷன்) வைத்துக்கொண்டு, அப்பகுதியை அடையாள எண்ணைக் கொண்டு தேடுகிறது. என் கணினியில் கிரப்பின் தொடக்கம் எஸ்எஸ்டியிலும், மீதிக் கோப்புகள் இரண்டாவது தட்டிலும் இருந்தன. மேலும், கிரப் பொதுவாகத் தட்டுகளை பயாஸ் வழியாகவே படிப்பதால், பயாஸ் காட்டாத தட்டு கிரப்பின் கண்ணிலும் படாது.

கருவியின் முதல் தேர்வு, எல்லாத் தட்டுகளையும் துழாவி, துவக்கக்கூடிய இயங்குதளங்களைப் பட்டியலிடுகிறது. அதில் எஸ்எஸ்டியில் இருந்த விண்டோஸ் மட்டுமே வந்தது. முதலில் ஏமாற்றமாக இருந்தாலும், எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி அதுதான்: பென் டிரைவிலிருந்து வந்த பழுதற்ற கிரப்புக்கும் அந்தத் தட்டு தெரியவில்லை என்றால், கோளாறு நிறுவிய மென்பொருளில் இல்லை, அதற்கும் கீழே இருக்கிறது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். தட்டைத் தாய்ப்பலகையோடு இணைக்கும், கொக்கி இல்லாத பழைய சாட்டா கேபிளின் முனை, நகத்தின் கனம் அளவுக்கு வெளியே நழுவியிருந்தது. அழுத்திச் செருகியதும் பட்டியலில் லினக்ஸ் வந்துவிட்டது.

தட்டு தெரிந்தும் கிரப் தடுமாறும் நிலை வேறு. தங்கையின் மடிக்கணினியில் யாரோ ஒரு பகுதியை அழித்துவிட, மற்றப் பகுதிகளின் எண்கள் மாறிப்போயிருந்தன. அங்கே இக்கருவி பழைய அமைப்புக் கோப்பைத் தானே கண்டுபிடித்து லினக்ஸைத் துவக்கிக் கொடுத்தது. உள்ளே நுழைந்தபின், கிரப்பை மீண்டும் நிறுவும் ‘கிரப்-இன்ஸ்டால்’ கட்டளையை, பகுதியின் பெயரைக் கொடுக்காமல் முழுத் தட்டின் பெயரைக் கொடுத்து இயக்கியதும் சரியாயிற்று.

குறைகளும் உண்டு. இது ஒருமுறை துவக்கித் தருமே தவிர எதையும் தானாகச் சரிசெய்யாது. கட்டளை வரியைக் கண்டு அஞ்சுபவர்களுக்கு ‘பூட் ரிப்பேர்’ என்னும் பழுதுநீக்கும் கருவி எளிதாக இருக்கும். ஆனாலும், ஒரே பொத்தானில் தட்டில் எழுதிவிடும் கருவியைவிட, எதையும் மாற்றாமல் முதலில் நிலைமையைக் காட்டுவதையே நான் நம்புகிறேன். பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பயாஸ் முறையில் பென் டிரைவிலிருந்து துவக்கும்போது அதுவே முதல் தட்டைக் குறிக்கும் ‘எச்டி0’ ஆகிவிடுவது வழக்கம் என்பதால், தட்டின் எண்ணை நம்பாமல் ‘எல்எஸ்’ கட்டளையால் உள்ளே இருக்கும் கோப்புகளைப் பார்த்தே எது எந்தத் தட்டு என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.