கட்டாந்தரைக்கும் செயற்கைப் புல்லுக்கும் எந்தப் பூட்ஸ்? திருகோணமலைப் பாவனையில் தெரிந்தவை

கடையில் தொங்குகிற உதைபந்தாட்டப் பூட்ஸில் பெரும்பாலானவை எஃப்.ஜி (ஃபேர்ம் கிரவுண்ட்) வகை. ஈரமும் அடர்ந்த புல்லும் உள்ள தரைக்கென்று செய்தவை. திருகோணமலையில் அப்படிப்பட்ட தரை மாரி முடிந்த கையோடு கொஞ்சக் காலம்தான் கிடைக்கும். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் அடிக்கையில் புல் கருகி, மண் இறுகி, மணல் தூவிய சீமெந்துத் தரை மாதிரி ஆகிவிடும். அதில் எஃப்.ஜி.யின் ஸ்டட் (அடியில் நீட்டி நிற்கும் முளை) இறங்காது. உடம்புப் பாரம் முழுக்கப் பத்துப் பன்னிரண்டு முனைகளில் நிற்கும். பெருவிரல் அடியிலும் குதியிலும் எரிச்சல் வருவது இதனால்தான், பூட்ஸ் 'பழகாததால்' அல்ல.

வருடம் முழுக்க ஒரே சோடிதான் என்றால் டி.எஃப் (டர்ஃப்) வகையை எடுங்கள். அடியில் குட்டிக் குட்டி ரப்பர் குமிழ்கள், அதற்கு மேல் மெத்தென்ற ஈ.வி.ஏ நுரை அடுக்கு. பார்க்கப் பகட்டாக இராது, பெடியன்களும் முகம் சுளிப்பார்கள். ஆனால் கட்டாந்தரையில் கால் நோகாமல் ஆடவும், வாடகைக்கு விடும் செயற்கைப் புல் திடலில் ஆடவும் இதுவே போதும். ஈரப் புல்லில் மட்டும் வழுக்கும். அடிடாஸின் முண்டியல் டீம் மாதிரித் தோல் வகைகள் பாரம் கூட, ஆனால் முன்பக்கம் காலுக்கேற்ப இளகிக் கொடுக்கும். மிசுனோ, அசிக்ஸ் நிறுவனங்களின் எச்.ஜி (ஹார்ட் கிரவுண்ட்) அடிப்பாகமும் கட்டாந்தரைக்கு நல்லது. இங்கே தேடித்தான் எடுக்க வேண்டும்.

செயற்கைப் புல்லிலும் எல்லாம் ஒன்றல்ல. நீளமான இழையும், இடையில் மணலும் கறுப்பு ரப்பர் துகளும் நிரப்பியது என்றால் ஏ.ஜி (ஆர்ட்டிஃபிஷல் கிராஸ்) வகை பொருந்தும்: குட்டையான, உள்ளே குழிவான வட்ட ஸ்டட்கள், எண்ணிக்கையும் கூட. இழை குட்டையாகித் துகள் கரைந்துபோன பழைய திடலுக்கு டி.எஃப். தகடு மாதிரி நீட்டு ஸ்டட் உள்ள எஃப்.ஜி.யைச் செயற்கைப் புல்லில் போடவே வேண்டாம். இழைக்குள் இறுகப் பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, முறுக்கு முழங்காலுக்குப் போகும். ஸ்டட் அடியோடு முறிவதும் இப்படித்தான். அந்தப் பாவனைக்கு உத்தரவாதம் இல்லை என்று கைவிரிக்கும் தயாரிப்பாளர்களும் உண்டு.

அளவில்தான் அதிகம் பேர் ஏமாறுவது. அடிடாஸ் யூ.கே 8 என்றால் 26.5 சென்ரிமீற்றர், நைக்கி யூ.கே 8 என்றால் 27. ஆகவே எண்ணை விட்டுவிட்டு, நாக்கின் உட்பக்கம் உள்ள சென்ரிமீற்றரைப் பாருங்கள். பின்னேரம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஆடும்போது போடும் மேசோடு போட்டுப் பார்க்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னால் அரைச் சென்ரிமீற்றர் போல இடம் இருந்தால் போதும். பிறகு கையில் எடுத்து மடியுங்கள். விரல்கள் மடிகிற இடத்தில் வளைந்தால் சரி. நடுப்பாதத்தில் வளைகிறது என்றால் வைத்துவிட்டு வாருங்கள். டி.எஃப் குமிழில் நகத்தை அழுத்தினால் சற்று அமுங்கி மீள வேண்டும். பிளாஸ்டிக் போல விறைத்திருந்தால் மலிவு நகல். காய்ந்த தரையில் வழுக்கும், கெதியில் வெடிக்கும்.

எட்டு முதல் பதினான்கு வயதுவரை எலும்பு வளரும் காலம். அப்போது குதியின் வளர்ச்சித் தட்டில் நோவு வருவது சாதாரணம், கட்டாந்தரையில் எஃப்.ஜி அதைக் கூட்டும். 'வளருகிற பிள்ளைதானே' என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம். உள்ளே கால் ஓடி, கொப்புளமும் கறுத்த நகமும்தான் மிச்சம்.

எந்த வகையானாலும் முதலில் போவது முன்மூக்கு. மேற்பாகமும் அடியும் சேரும் இடத்தில் மணல் உரசி, வியர்வை ஊறி, ஒட்டு விடும். விரல் நுனி நுழைகிற அளவு வாய் திறந்ததும் கவனித்தால் தப்பும். புதிதாக வாங்கிய கையோடு சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்து, மெழுகு பூசிய நைலோன் நூலால் மூக்கைச் சுற்றித் தைப்பித்தால் இன்னும் நல்லது. நூல் அடிப்பாகத்தில் வெட்டிய பள்ளத்துக்குள் ஓட வேண்டும். வெளியே துருத்தினால் தரையே அறுத்துவிடும். சூப்பர் குளூ வேண்டாம். அது காய்ந்தால் விறைத்துவிடும், மூக்கு மடியும்போது வெடிக்கும். சப்பாத்துப் பசைதான் சரி: பழைய பசையைச் சுரண்டி, மண்தாளால் தேய்த்து, இரு பக்கமும் மெல்லப் பூசி, பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டு அழுத்திக் கட்டுங்கள். ஒரு நாள் தொடக்கூடாது.

மத்தியான வெயிலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 பாகை செல்சியசைத் தாண்டும். ஒட்டு இளகவும் அது காரணம். ஆடி முடிந்ததும் உள்தாளைக் கழற்றி மணலைத் தட்டி, ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, பத்திரிகைத் தாள் திணித்து நிழலில் வையுங்கள். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் பூட்டி வெயிலில் விட்டால் தைத்ததும் ஒட்டியதும் வீண்.

பெருவிரலுக்குக் கீழும் குதியின் வெளி ஓரத்திலும் குமிழ்கள் தட்டையாகிவிட்டால் மாற்றுங்கள். எஃப்.ஜி, ஏ.ஜி என்றால் ஸ்டட் முனையைப் பெருவிரலால் தடவிப் பார்க்க வேண்டும். கல்லில் தேய்ந்து கூராகியிருந்தால் எதிராளியின் காலைக் கிழிக்கும், மத்தியஸ்தரும் உள்ளே விடமாட்டார். மண்தாளால் அந்தக் கூரை மழுக்கலாம்.