வீட்டுக்கே வந்து சோடியம் பார்க்கும் லேப்: மதுரை அண்ணா நகர்ப் பக்கம்

பெரியவர்களுக்கு ரத்தத்தில் உப்பு, அதாவது சோடியம், குறைந்தால் 128, 122 என்று எண்ணை மட்டும் கொடுப்பது பாதி வேலைதான். ஏன் குறைந்தது என்று டாக்டர் கண்டுபிடிக்கவும் லேப் எடுக்கும் ரத்த, யூரின் மாதிரிகள் உதவ வேண்டும். அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்த லேப்புக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம்.

ரத்தம் எடுக்க வரும் பையன் முதலில் மாத்திரை அட்டைகளைக் கேட்டு வாங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார். ரொம்பச் சரியான பழக்கம். சோடியத்தை இறக்கும் நீர் பிரியும் மருந்தான ஹைட்ரோகுளோரோதயசைடு பெரும்பாலும் தனி மாத்திரையாக வராது. பி.பி. மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'ஹெச்' என்ற ஒற்றை எழுத்தாக ஒட்டியிருக்கும், வீட்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள். மனச்சோர்வுக்கான எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், வலிப்புக்கான கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின் இவையும் சோடியத்தை இறக்கும்.

டியூப் விஷயத்திலும் குறை இல்லை. சர்க்கரைக்கான சாம்பல் மூடி டியூப்பில் சோடியம் ஃப்ளோரைடு இருக்கிறது. அதிலேயே உப்பையும் பார்த்தால் எண் பொய்யாக ஏறிவிடும். இங்கே உப்புக்குத் தனியாக மஞ்சள் மூடி டியூப். டிரிப் ஏறும் கையில் ஊசி போடுவதில்லை.

குறை பேக்கேஜில்தான். சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட் மட்டுமே அதில் வருகிறது. சீரம் ஆஸ்மோலாலிட்டி (ரத்தத்தில் கரைந்திருக்கும் பொருட்களின் அடர்த்தி), ஸ்பாட் யூரினில், அதாவது ஒரே தடவை பிடிக்கும் யூரினில், சோடியமும் ஆஸ்மோலாலிட்டியும், தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச்., அட்ரினல் சுரப்பிக்கான காலை எட்டு மணி கார்ட்டிசால் எல்லாம் டாக்டரிடம் எழுதி வாங்கி, புக் செய்யும்போதே சொல்ல வேண்டும். யூரினை ரத்தம் எடுக்கும் அதே நேரத்தில், சலைன் ஏற்றுவதற்கு முன்பே பிடித்துவிடுங்கள். ஒரு பாட்டில் ஏறிய பிறகு அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

யூரின் ஆஸ்மோலாலிட்டி 100-க்குக் கீழே என்றால் தண்ணீர் அதிகம், அல்லது சாப்பாடு போதவில்லை. சித்திரை வெயிலில் பருப்பும் முட்டையும் இல்லாமல் கஞ்சியும் உப்பில்லா மோருமாக நாளை ஓட்டும் பாட்டிகளிடம் இதைப் பார்க்கலாம். 100-க்கு மேலே போனால் அடுத்து யூரின் சோடியம். 30-க்குக் கீழே என்றால் வாந்தி, பேதியால் உடம்பு வற்றியிருக்கலாம். காலும் வயிறும் வீங்கியிருந்தால் இதயம் அல்லது ஈரல். 30-க்கு மேலே, உடம்பும் வற்றவில்லை என்றால் எஸ்.ஐ.ஏ.டி.ஹெச். (ஒரு ஹார்மோன் மிகுந்து உடம்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும் கோளாறு), தைராய்டு, அட்ரினல் பக்கம் தேட வேண்டும். நீர் பிரியும் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் 30 என்ற கணக்கை நம்ப முடியாது. எஸ்.ஐ.ஏ.டி.ஹெச். ஆளுக்குச் சாதாரண சலைன் ஏற்றினால் சோடியம் இன்னும் இறங்கலாம் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்தல்.

சர்க்கரைக் கணக்கையும் ரிப்போர்ட்டில் போடுவதில்லை. 100-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு 100 மி.கி. சர்க்கரைக்கும் சோடியம் சுமார் 1.6 குறைந்து தெரியும். சர்க்கரை 400 இருக்கையில் வரும் 130, உண்மையில் 135-ஐ ஒட்டியது.

பெரிய மனக்குறை ஒன்று. எண் 120-க்குக் கீழே போனாலும் போன் செய்வதில்லை, வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். மட்டும் வருகிறது. இதை அவர்கள் உடனே மாற்ற வேண்டும்.

குழப்பமான பேச்சு, ஓயாத வாந்தி, அரைமயக்கம், வலிப்பு இருந்தால் இந்தச் சேவையைக் கூப்பிடாதீர்கள். ராஜாஜி ஆஸ்பத்திரியோ பக்கத்து ஆஸ்பத்திரியோ, நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். வேகமாக ஏற்றினால் மூளை நரம்பு பாதிக்கும் என்பதால் 24 மணி நேரத்தில் 8 முதல் 10-க்கு மேல் கூடவிடாமல், சில மணி நேரத்துக்கு ஒருமுறை சோடியம் பார்த்துப் பார்த்து அங்கே ஏற்றுவார்கள்.