ஃபேன் இல்லாத ஹால்: வாங்காமலே வீடு பார்ப்பவர்களுக்கான அனுபவப் பகிர்வு

"வீடு வாங்குற ஐடியா எல்லாம் இல்ல, சும்மா பார்க்கணும். எந்த ஆப் போடலாம்?" இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. அதற்கான பதில்தான் இது. வங்கிக் கடன், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ் என்று அலைகிறவர்கள் இதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ராத்திரி பத்து மணிக்குப் படுக்கையில் சாய்ந்துகொண்டு, மதுரை கே.கே.நகரில் யாரோ விற்கிற வீட்டுக்குள் புகுந்து, சோபாவை எந்தச் சுவரோரம் போடலாம், பூஜை அறைக் கதவில் மணி வைக்கலாமா என்று யோசிக்கிற கூட்டத்துக்காக எழுதியது.

எந்த ஆப் என்பது பெரிய விஷயமே இல்லை. திருப்பாலையில் இருக்கும் ஒரே வீட்டை ஐந்து புரோக்கர்கள் ஐந்து விலையில் எல்லா ஆப்பிலும் போட்டிருப்பார்கள். விற்று இரண்டு வருஷம் ஆன வீடும் 'புதிய வரவு' என்று மேலே வந்து நிற்கும். படத்தில் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கினால் பெரிதாக்கிப் பாருங்கள். வருஷம் அதிலேயே இருக்கும். தேடல் வசதிகளும் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒத்திக்கு, வாடகைக்கு, விலைக்கு என்று பிரித்துவிட்டு, கிழக்குப் பார்த்த வாசலா வடக்குப் பார்த்த வாசலா என்று கேட்கும். அதைத் தாண்டிப் பேச ஒன்றுமில்லை.

இந்த ஆப்களில் உண்மையான சுகம் ஒன்று உண்டு, அது டைல் எண்ணுவது. நம் ஊர் ஹால்களில் தரைக்குப் பெரும்பாலும் இரண்டுக்கு இரண்டு அடி விட்ரிஃபைடு டைல் போடுவார்கள். கொஞ்சம் வசதியான வீடென்றால் நாலுக்கு இரண்டு. இது தெரிந்துவிட்டால், 'விசாலமான ஹால்' என்று விளம்பரம் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. குறுக்கே 5 டைல், நீளத்துக்கு 8 டைல் என்றால் ஹால் பத்துக்குப் பதினாறு. அவ்வளவுதான். போனில் 0.5 என்று ஒரு லென்ஸ் வந்ததிலிருந்து புரோக்கர்கள் எல்லோரும் மூலையில் முதுகை ஒட்டி நின்று எடுக்கிறார்கள். பத்தடி அறை மண்டபம் மாதிரித் தெரியும். ஆனால் எந்த லென்ஸாலும் 5 டைலை 8 ஆக்க முடியாது. ஒவ்வொரு டைலும் இழுபட்டு நீளமாகத் தெரியும், எண்ணிக்கை மாறாது.

எண்ணுவதில் சில நுணுக்கங்கள் உண்டு. முதலில் டைல் என்ன அளவு என்று உறுதிசெய்ய வேண்டும். அதற்குப் படுக்கையறைக் கதவைப் பாருங்கள். அது பொதுவாக மூன்றடி அகலம், ஏழடி உயரம் இருக்கும். நிலைக்கு நேரே ஒன்றரை டைல் வந்தால் அது இரண்டடி டைல். பாத்ரூம் கதவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், அது இரண்டரை அடிதான். தரை முழுக்க சோபாவும் கார்ப்பெட்டும் மறைத்திருந்தால் சுவரின் அடியில் ஓடும் ஸ்கர்ட்டிங்கைப் பாருங்கள். அதே டைலை நாலங்குலப் பட்டையாக வெட்டித்தான் ஒட்டுவார்கள் என்பதால், அதன் இணைப்புக் கோடுகளும் இரண்டடிக்கு ஒன்று வரும். சுவர் ஓரத்தில் கடைசியில் வெட்டுத்துண்டு வரும். அதைப் பாதி என்று கணக்கில் வையுங்கள், முழு டைலாக எண்ணி ஏமாற வேண்டாம்.

சரிபார்க்க ஃபேன் இருக்கிறது. வீட்டு சீலிங் ஃபேனின் வழக்கமான வீச்சு 1200 மில்லிமீட்டர், அதாவது நாலடி. இறக்கை நுனியிலிருந்து சுவர் வரை எவ்வளவு இடைவெளி என்று கூரையிலேயே பார்க்கலாம். இரண்டு பக்கமும் மூன்றடி மிஞ்சினால் பத்தடி அகலம். டைல் சொல்வதும் ஃபேன் சொல்வதும் ஒத்துப்போனால், அந்த வீட்டுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே டேப் பிடித்தாகிவிட்டது.

இந்தப் பழக்கம் வந்துவிட்டால் 'மாஸ்டர் பெட்ரூம்' என்ற வார்த்தை சிரிப்பை வரவழைக்கும். பத்துக்குப் பத்து அறையில் ஆறடி அகலக் கட்டிலைப் போட்டு, பக்கச் சுவரில் இரண்டடி ஆழத்துக்குக் கப்போர்டு அடித்தால், கட்டிலுக்கு இரண்டு பக்கமும் சேர்த்தே மிஞ்சுவது இரண்டடி. கப்போர்டுக் கதவைத் திறக்கக் கட்டில்மேல் ஏற வேண்டும். படத்தில் கப்போர்டுக்குத் தள்ளுகதவு போட்டிருந்தால் அது ஸ்டைலுக்காக என்று நினைக்காதீர்கள். திறக்க இடமில்லை, அதனால் போட்டது.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். டைல் எண்ணுகிற இந்த ஒரே சுகத்தையும் கம்ப்யூட்டர் படங்கள் கெடுத்துக்கொண்டிருக்கின்றன. முன்பு பில்டர் விளம்பரங்களில் மட்டும்தான் கம்ப்யூட்டரில் வரைந்த படம் இருக்கும். இப்போது காலி அறையைப் படம் எடுத்து, அதில் சோபா, தொங்கும் விளக்கு, மூன்றடிச் செடி எல்லாவற்றையும் ஏ.ஐ. வைத்துப் பொருத்திவிடுகிறார்கள். கூடவே தரையையும் பளிங்காக மாற்றிவிடுகிறது. கோடும் இல்லை, இணைப்பும் இல்லை. என்னத்தை எண்ணுவது? போன் போட்டுக் கேட்டால், "சார், அது மாடல் படம் சார்."

கண்டுபிடிக்க எளிதான வழி, ஃபேன் இருக்கிறதா என்று பார்ப்பது. மதுரையில் ஃபேன் இல்லாத ஹால் கிடையாது. ஏ.சி. இருந்தாலும் ஃபேன் இருக்கும். ஃபேன் இல்லாத ஹால் படத்தைப் பார்த்தால் அது இந்த ஊர் வீடே இல்லை, யாரோ வரைந்தது என்று முடிவு கட்டலாம். அடுத்தது சுவிட்ச் போர்டு. வரைந்த படத்தில் சுவர் வழுவழுவென்று இருக்கும். டி.வி.க்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. சன்னலில் கொசுவலையும் இருக்காது, கிரில்லும் இருக்காது. வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் கொசுவலை இல்லாத சன்னலோடு வீடு காட்டுகிறவரை என்ன சொல்வது? பளிங்குத் தரையின் ரேகைகளையும் கவனியுங்கள். நாலடிக்கு ஒருமுறை அதே ரேகை அச்சு அசலாகத் திரும்ப வந்தால் வரைந்ததாகவும் இருக்கலாம், மலிவான டைலாகவும் இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் கனவு பாதி கலைந்துவிடும்.

நியாயமாகச் சொன்னால் வரைந்த படத்தைக்கூட மன்னிக்கலாம், பரப்பளவு எண்ணை மன்னிக்க முடியாது. '950 சதுர அடி, இரண்டு பெட்ரூம்' என்று போட்டிருக்கும் ஃபிளாட்டின் படங்களில் டைல் எண்ணிப் பாருங்கள். ஹால் 160, சாப்பிடும் இடம் 80, பெட்ரூம்கள் 110-ம் 100-ம், கிச்சன் 64, இரண்டு பாத்ரூம் சேர்த்து 56, நடை 40. ஆகமொத்தம் 610. உள்சுவர்களுக்கு ஒரு 40 சேர்த்தால் 650. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிற கார்ப்பெட் ஏரியா இதுதான். உள்சுவர் சேரும். வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. மீதி 300 சதுர அடி வெளிச்சுவர், பால்கனி, படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா என்று போய்விட்டது. சதுர அடி 6,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் விலை 57 லட்சம். 650-ஆல் வகுத்தால் நீங்கள் நடமாடுகிற தரைக்குச் சதுர அடி 8,770 ரூபாய் ஆகிறது. வாங்கப்போவதில்லை என்றாலும் கோபம் வருகிறது, என்ன செய்ய!

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீட்டுக்கு மேலாகவோ கட்டுகிற திட்டம் என்றால் அதே சட்டத்தின்கீழ் பதிவு செய்தாக வேண்டும், விளம்பரத்தில் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். எண் இல்லாத பில்டர் விளம்பரத்தை ரசிக்கலாம், நம்ப வேண்டாம். தனி வீட்டுக்கு வேறு கணக்கு. 3 சென்ட் என்பது 1,307 சதுர அடி. அதில் தரைத்தளம் மட்டுமே 1,300 சதுர அடி என்று போட்டால், பக்கத்தில் விட வேண்டிய இடத்தை விடவில்லை என்று அவர்களே எழுதிக் கொடுத்த மாதிரி.

படங்களில் பார்த்து ஆசைப்படுகிற உள்அலங்காரங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கேதான் மனசு அதிகம் மயங்குகிறது. மேட் கறுப்புக் குழாய், கண்ணாடித் தடுப்பு போட்ட ஷவர், இரண்டும் படத்தில் அள்ளும். ஆனால் உப்புத் தண்ணீர் வருகிற போர் இருக்கும் வீட்டில் ஒரு மாசம் தாங்காது. சொட்டு காய்ந்த இடமெல்லாம் வெள்ளை படியும், கறுப்பில் அது இரட்டிப்பாகத் தெரியும். தினமும் குளித்து முடித்ததும் வைப்பரால் இழுத்துவிட வேண்டும். படிந்துவிட்டால் எலுமிச்சைச் சாறு அல்லது சிட்ரிக் அமிலக் கரைசலில் நனைத்த துணியைச் சில நிமிடம் சுற்றி வைத்துத் துடைத்துக் கழுவலாம். கம்பி நாரால் தேய்த்தால் கறுப்புப் பூச்சும் சேர்ந்து போகும். பளபள குரோம் குழாய்தான் இந்த ஊருக்கு லாயக்கு, பார்க்கப் பழசாக இருந்தாலும்.

ஃபால்ஸ் சீலிங் அடுத்தது. பத்தடி உயரக் கூரையில் ஏழெட்டு அங்குலம் போய்விடும். ஜிப்சம் போர்டு ஃபேனைத் தாங்காது. கான்கிரீட்டில் இருக்கும் கொக்கியிலிருந்து கம்பி நீட்டித்தான் தொங்கவிட வேண்டும், நீளம் சரியில்லாமல் இறக்கை கூரையை ஒட்டிச் சுற்றினால் காற்று கீழே வராது. சின்னச் சின்ன ஸ்பாட் லைட்டுகளை ஃபேன் இறக்கைக்கு மேலே வைத்துவிட்டால் வேலை முடிந்தது, ஃபேன் ஓடும்போதெல்லாம் அறை முழுக்க வெளிச்சம் வெட்டி வெட்டி விழும். ஓரத்தில் ஒளிந்திருக்கும் பட்டை விளக்குக்குப் பின்னால் தூசியும் பல்லி முட்டையும் சேர்வது படத்தில் வராது.

திறந்த கிச்சனுக்கு ஆசைப்படுகிறவர்கள் கடுகு தாளிக்காத வீட்டில் பிறந்திருக்க வேண்டும். சிம்னி வைத்தாலும் குழாய் இரண்டு மூன்று இடத்தில் வளைந்து போனால் இழுவை குறைந்துவிடும், ஹால் திரைச்சீலையில் மீன்குழம்பு வாடை நிற்கும். மாடுலர் கிச்சனில் முதலில் வீணாவது சிங்க்கின் அடியில் இருக்கும் பெட்டி. கழிவுக் குழாய்க்காகத் துளைத்த ஓட்டையின் விளிம்பை மூடாமல் விடுவார்கள், ஈரம் அந்த வழியாக ஏறிப் பலகை ஊதிவிடும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை என்றால் சீக்கிரமே. அந்த ஒரு பெட்டிக்காவது தண்ணீர் தாங்கும், ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட் வேண்டும். படத்தில் தெரிகிற பளபள அக்ரிலிக் முகப்பை வைத்து உள்ளே என்ன பலகை என்று யாராலும் சொல்ல முடியாது.

மேற்குப் பார்த்த ஆளுயரக் கண்ணாடிச் சன்னல் பற்றி எழுதவே வேண்டாம், சித்திரை வெயில் எழுதிக்கொள்ளும். வடக்குச் சன்னல் என்றால் வெயிலே வராது என்பதும் சரியில்லை. மதுரையில் ஏப்ரல் நடுவில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், அதிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் வெயில் வடக்கே சாய்ந்துதான் இருக்கும். இரண்டடி சன்ஷேடு எந்தப் பக்கமானாலும் வேண்டும். சன்ஷேடு இல்லாத பெட்டி மாதிரி முகப்பு படத்தில் அழகு.

இத்தனை திட்டியும் இந்த ஆப்களை விட முடியாமல் வைத்திருப்பது பழைய வீடுகளுக்காக. மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் விலைக்கு வரும் வீடுகளின் படங்களை யாரும் அழகுபடுத்துவதில்லை. குறுகலான முகப்பு, உள்ளே நீண்டுகொண்டே போகும் கட்டு, மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை, மாடித் தளத்தில் பதித்த தட்டை ஓடு. கடைசிப் படத்தில் மொட்டைமாடியும் அதற்குப் பின்னால் கோபுரமும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்ற விதி இருக்கிறது, அந்தக் காட்சி இன்னும் மிஞ்சியிருப்பது அதனால்தான். இது புரோக்கருக்குத் தெரியாது. 'கோயில் அருகில், இடித்துக் கட்டலாம்' என்று போட்டிருப்பார். எங்கேயாவது ஆத்தங்குடிக் கல் தரை கண்ணில் பட்டால் ஒரு விஷயம் கவனியுங்கள். அங்கங்கே நிறம் வெளுத்துத் திட்டுத்திட்டாக இருந்தால் யாரோ ஆசிட் ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள். அது சூளையில் சுடாத சிமென்ட் கல், ஆசிட் பட்டால் மேல்நிறம் அரித்துவிடும், திரும்ப வராது. வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது துளி தேங்காய் எண்ணெய் காட்டினால் போதும்.

தூரக் கணக்கை நம்பாதீர்கள். திருமங்கலம் வரை எல்லா மனையும் 'எய்ம்ஸ் அருகில்'. ஓடாத மெட்ரோவின் நிலையத்துக்கு இரண்டு நிமிடம் என்றுகூட வரும். 2023-ல் திறந்த நத்தம் சாலைப் பறக்கும் பாலம் 7.3 கிலோமீட்டர், அதன் புண்ணியத்தில் ஊமச்சிகுளத்துக்கு அப்பால் இருக்கிற மனையெல்லாம் தல்லாகுளத்துக்குப் பக்கம் வந்துவிட்டன. முழு விவரம் பார்க்க போன் நம்பர் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த ஆறு மாசத்துக்கு, நீங்கள் பார்த்தது பொன்மேனி ஃபிளாட் என்றாலும் சமயநல்லூர் மனை வாங்கச் சொல்லி அழைப்பு வரும். படங்கள் நம்பர் கொடுக்காமலே தெரியும், நமக்கு அது போதும்.

மதிப்பெண் கேட்டால் படங்களுக்கு நாலு, வார்த்தைகளுக்கு அரை. மொத்தத்தில் ஐந்துக்கு ஒன்று. இன்று வந்த பத்து விளம்பரத்தில் ஏழில் ஃபேன் இல்லை, அந்தக் கடுப்பில் போடுகிற மார்க் இது. ஆப்பை எடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு மறுபடி இறக்கிக்கொள்ளலாம், இரண்டு நிமிட வேலைதான்.