கச்சா நாரா, என்.டி.எஃப்-ஆ? தீவனத்தில் நாரை எப்படி அளப்பது

ஒரு வைக்கோல் மாதிரியின் உலர்பொருளில் புரதம் 4, கொழுப்பு 1.5, சாம்பல் 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கச்சா நார் (பழைய முறையில் அளந்த நார்) 35 என்றால் மீதி 47.5. பழைய கணக்கு இதை எளிதில் செரிக்கும் கார்போஹைட்ரேட்டாக எழுதும். அதே மாதிரியின் என்.டி.எஃப் (நடுநிலைச் சலவைக் கரைசலில் கரையாத நார்) 70 என்றால் மிஞ்சுவது 12.5 மட்டுமே. வைக்கோலில் பாதி எளிதில் செரிக்கும் என்பதை மாடு வளர்ப்பவர் யாரும் ஏற்கமாட்டார்.

பிழை முறையிலேயே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் வீண்டேயில் உருவான கச்சா நார் முறையில் மாதிரியை 1.25% கந்தக அமிலத்தில் 30 நிமிடம், பிறகு 1.25% சோடியம் ஹைட்ராக்சைடில் 30 நிமிடம் கொதிக்கவைக்கிறோம். அமிலம் செல் சுவரின் ஹெமிசெல்லுலோஸில் பெரும்பகுதியையும், காரம் அச்சுவரை இறுக்கும் லிக்னினில் கணிசமான பங்கையும் கரைத்துவிடுகின்றன. அளவில் விடுபட்ட இரண்டும் 'மீதி'யில் போய்ச் சேர்கின்றன. செரிக்கவே செரிக்காத லிக்னின் அங்கே சர்க்கரையோடு ஒரே வரிசையில் நிற்கிறது!

1960-களில் அமெரிக்க ஆய்வாளர் வான் சோஸ்ட் வகுத்த என்.டி.எஃப் முறை நடுநிலைச் சலவைக் கரைசலை (பி.எச். 7) பயன்படுத்துகிறது. 1 மி.மீ. சல்லடையில் அரைத்த 0.5 கிராம் மாதிரியை 60 நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டினால் செல் சுவர் முழுதும், செல்களை ஒட்டவைக்கும் பெக்டின் நீங்கலாக, தங்கும். ஆனால் கவனம் கூடுதலாக வேண்டும். தானியம் மிகுந்த தீவனத்தில் வெப்பம் தாங்கும் அமைலேஸ் (ஸ்டார்ச்சை உடைக்கும் நொதி) சேர்க்காவிட்டால் ஸ்டார்ச் கூழாகி வடிகட்டியை அடைக்கும், நார் அளவும் ஏறும். கொழுப்பு 10 சதவீதத்தைத் தாண்டினால் முதலில் அசிட்டோனில் கழுவுங்கள். சோடியம் சல்ஃபைட் ஒட்டிய புரதத்தை நீக்கும். அதே எச்சத்தில் லிக்னினும் அளப்பதானால் அதை விட்டுவிடுவது நல்லது, லிக்னினையும் அது தாக்கும். எச்சத்தை எரித்துச் சாம்பலைக் கழிக்காவிட்டால் மண் கலந்த தீவனத்தில் அந்தச் சாம்பல் இரண்டு முறை கழிபடும்.

ஏ.டி.எஃப் (அமிலச் சலவைக் கரைசலில் கரையாத நார்) தனியாக நாரின் முழு அளவைத் தராது, அதில் ஹெமிசெல்லுலோஸ் இல்லை. என்.டி.எஃப், ஏ.டி.எஃப் இரண்டின் வித்தியாசம் ஹெமிசெல்லுலோஸுக்குத் தோராய மதிப்பு. ஒரே எச்சத்தில் அடுத்தடுத்துச் செய்தால் பெக்டின் குழப்பாது.

நார் குறைந்த கோழித் தீவனத்தின் தர ஒப்பீட்டுக்குக் கச்சா நார் போதும். அசைபோடும் விலங்குகளுக்கு என்.டி.எஃப்தான். யூரியா சேர்ந்திருந்தால் மட்டும் மேலே செய்த கழித்தல் கணக்கைத் திருத்துங்கள்: 1% யூரியா ஏறத்தாழ 2.8% புரதமாகத் தெரியும், கார்போஹைட்ரேட் 1.8 குறைந்து காட்டும்.