வெப்பமண்டலத்தில் காற்றும் வெயிலும்: இரண்டு இலவச அட்லஸ்கள்

காற்றாலைக்கும் சூரிய மின்நிலையத்துக்கும் இடம் பார்ப்பது என் தொழில். புதிய இடம் எதுவானாலும் நான் முதலில் திறப்பது குளோபல் சோலார் அட்லஸ், குளோபல் விண்ட் அட்லஸ் ஆகிய இரண்டு இணையதளங்களைத்தான். எந்த இடத்தில் எவ்வளவு வெயில், எவ்வளவு காற்று என்று உலக வரைபடத்தில் காட்டுபவை அவை. முன்னது உலக வங்கிக்காக சோலர்ஜிஸ் என்ற நிறுவனம் உருவாக்கியது. பின்னது டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் உழைப்பு. இரண்டும் இலவசம். ஆலோசகரை அமர்த்த வசதியில்லாத ஒரு சிறு கூட்டுறவுச் சங்கமும் தன் நிலத்தின் வளத்தைத் தானே பார்த்துக்கொள்ளலாம் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

சோலார் அட்லஸில் ஆண்டு மொத்தத்தோடு நின்றுவிடாதீர்கள். மாதவாரியாக, மணிவாரியாக உற்பத்தியைக் காட்டும் அட்டவணைதான் அதன் உயிர். பிற்பகலில் மேகம் திரளும் ஊரானால், மழை மாதங்களில் மதியத்துக்குப் பிந்தைய கட்டங்கள் சட்டென்று இறங்கியிருக்கும். நேரடிக் கதிர்வீச்சையும், அதாவது சிதறாமல் சூரியனிலிருந்து நேரே வந்து விழும் ஒளியையும், கவனியுங்கள். ஈரப்பதமும் மேகமும் ஒளியைச் சிதறடிப்பதால் வெப்பமண்டலத்தில் அது பல இடங்களில் எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. சாதாரணத் தகடுகள் சிதறிய ஒளியிலும் மின்சாரம் தரும். கண்ணாடிகளால் ஒளியைக் குவிக்கும் நிலையங்களுக்குச் சிதறிய ஒளி உதவாது. நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் இந்த இணையதளம் தகடுகளுக்கு மிகக் குறைந்த சாய்வையே பரிந்துரைக்கும். நான் 10 டிகிரிக்குக் குறைய விடமாட்டேன். மழைநீர் வழிந்தோடித் தூசியைக் கழுவ அந்தச் சாய்வு வேண்டும்.

விண்ட் அட்லஸைச் சற்று எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்ததும் பெரிதாகத் தெரியும் சராசரி வேகம், அந்தப் பகுதியில் காற்று மிகுந்த 10 சதவீத இடத்துக்கு மட்டுமே உரியது. பெரும்பாலும் அது மலைமுகடாக இருக்கும். உங்கள் நிலம் அடிவாரத்தில் கிடக்கும். காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், நொடிக்கு 5 மீட்டருக்கும் 6 மீட்டருக்கும் இடையே 70 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு. எனவே இந்த எண்ணை வைத்து இடங்களை வடிகட்டலாம், வங்கிக் கடனுக்குக் கணக்குக் காட்டக்கூடாது. அதற்குக் காற்றை அளக்கும் கோபுரம் நட்டு, எல்லாப் பருவங்களும் அடங்க ஓராண்டாவது அளந்தாக வேண்டும்.

இரண்டு தளங்களின் மாத வரைபடங்களையும் ஒரே தாளில் போட்டுப் பாருங்கள். பருவக்காற்று வலுக்கும் மாதங்களில் மேகத்தால் சூரிய உற்பத்தி சரிந்து, காற்று உச்சத்தில் நிற்குமானால், அந்த நிலத்தில் இரண்டையும் சேர்த்து நிறுவி ஒரே மின்தடத்தைப் பகிர்ந்துகொள்ள முடியுமா என்று அடுத்து ஆராயலாம்.